சுவாதியை வானத்தில் கண்டுபிடித்து, அதன் பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மொட்டை மாடியில் புதியவர்களுக்கு வானம் காட்டும்போது நான் முதலில் காட்டுவது சுவாதியைத்தான். உலகப் பட்டியல்களில் அதன் பெயர் ஆர்க்டூரஸ். செம்மஞ்சள் நிறப் பெரு விண்மீன், வான நடுக்கோட்டுக்கு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கோடு) வடக்கே உள்ளவற்றில் மிகப் பிரகாசமானது. நகர வெளிச்சத்திலும் தெரியும், கருவி எதுவும் வேண்டாம்.

வருகிறவர்களில் பலர் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டு வருவார்கள். அரபியில் இப்படி, சீனத்தில் இப்படி என்று கடகடவென்று சொல்வார்கள். மீனைக் காட்டச் சொன்னால் வியாழனைக் காட்டுவார்கள். இந்தப் பெயர்களில் பெரும்பாலானவை அந்த மீனை எங்கே, எப்போது, எதற்குப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்று சொல்பவை. அதனால் மீனை முதலில் பிடியுங்கள், பெயர்கள் அப்புறம். அதிலும் ‘சுவாதி’ என்ற நம் பெயரைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். ஏன் என்பது 9-ஆம் படியில் தெரியும்.

1. முன்கூட்டியே தயார் செய்ய வேண்டியவை

வடக்கும் கிழக்கும் மறைக்கப்படாத இடம் வேண்டும். தெற்கு மட்டும் திறந்த மாடி இந்த வேலைக்கு உதவாது, ஏனென்றால் வழிகாட்டும் மீன்கள் வடக்கே இருக்கின்றன.

ஒரு பாய், கைக்கடிகாரம், குறிப்பேடு, சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச். சிவப்பு எதற்கென்றால், வெள்ளை வெளிச்சம் பட்டால் இருட்டுக்குப் பழகிய கண் மறுபடி பழக இருபது நிமிடம் ஆகும். பைனாகுலர் இருந்தால் 4-ஆம் படியில் ஒரு தடவை பயன்படும்.

செல்போன் செயலியைத் தடை செய்யவில்லை. ஆனால் முதல் அரை மணி நேரம் அது பைக்குள் இருக்கட்டும். செல்போனுக்குள் இருக்கும் திசைகாட்டி பக்கத்தில் இரும்புக் கம்பி, தண்ணீர்த் தொட்டி இருந்தாலே பிசகும். புதியவர் திரையை நம்பிப் பக்கத்து மீனுக்குப் பெயர் வைத்துவிடுவார். அந்தத் தவறைத் திருத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

2. நாளையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள்

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பழகுவதற்கு நல்ல காலம் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் வரை. கேரளத்திலும் மேற்கு மாவட்டங்களிலும் ஜூனில் மழை பிடித்துக்கொள்ளும், அங்கே இருப்பவர்கள் ஏப்ரல், மே மாதங்களைத் தவற விடாதீர்கள்.

கணக்கு எளிது. ஏப்ரல் 26 வாக்கில் இந்த மீன் ஏறத்தாழ நள்ளிரவு 12 மணிக்கு வானில் தன் உயரமான இடத்தைத் தொடும். ஒவ்வொரு நாளும் சுமார் 4 நிமிடம் முந்தும். ஆகவே மே 26-இல் இரவு 10 மணி, ஜூன் 10-இல் 9 மணி, ஜூன் 25-இல் 8 மணி. நீங்கள் மேற்கே இருந்தால் கால் மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

முதல் தடவைக்கு மே மாதம் இரவு 9 மணியைப் பரிந்துரைக்கிறேன். அப்போது வழிகாட்டும் ஏழு மீன் கூட்டமான சப்தரிஷி வடக்கே நன்றாக ஏறியிருக்கும், சுவாதியும் கிழக்கில் பாதிக்கு மேல் உயர்ந்திருக்கும். இரண்டும் ஒருசேர வசதியாகக் கிடைப்பதால்தான் அந்த நேரம்.

3. சப்தரிஷியின் வாலைப் பிடித்து வளைந்து வாருங்கள்

அதற்கு முன் அளவுகோல். கையை முழுக்க நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் வானத்தில் ஏறத்தாழ 10 பாகை. நடுவிரல்கள் மூன்றையும் சேர்த்தால் 5 பாகை. சிறுவர்களுக்கும் இதுவே பொருந்தும், கை சிறிதானால் முஷ்டியும் சிறிது. முழங்கையை மடித்துக்கொண்டு அளப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

இப்போது வடக்கு நோக்கி நில்லுங்கள். மே மாத இரவில் சப்தரிஷி நம் ஊரில் கவிழ்ந்த கரண்டியாகத் தெரியும், கிண்ணத்தின் வாய் கீழே பார்க்கும், கைப்பிடி வலப்பக்கம் நீளும். படங்களில் நிமிர்த்தி வரைந்திருப்பார்கள். அதை நம்பித் தேடுகிறவர்களுக்குக் கண் முன்னால் இருந்தும் தெரியாது.

கைப்பிடியில் மூன்று மீன்கள்: ஆங்கிரசர், வசிஷ்டர், மரீசி. நடுவில் உள்ள வசிஷ்டரை ஒட்டி மங்கலாக அருந்ததி இருப்பதைப் பார்த்துவிட்டால் சரியான கரண்டியைப் பிடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். கல்யாணத்தில் பகல் வெயிலில் அண்ணாந்து பார்த்துத் தலையாட்டியவர்கள் பலருக்கு அதை உண்மையிலேயே பார்ப்பது இதுதான் முதல் முறை.

கைப்பிடி நேராக இல்லை, வில் போல வளைந்திருக்கிறது. அந்த வளைவை அப்படியே வலப்பக்கம் மேல்நோக்கி நீட்டுங்கள். மரீசியிலிருந்து மூன்று முஷ்டி தூரத்தில் சுற்றுவட்டாரத்திலேயே பிரகாசமான ஒரு மீன் நிற்கும். அதுதான்.

இங்கே ஒரு சிக்கல் வரும். வளைவு உங்கள் தலைக்கு மேலே, பின்பக்கம் போகப் பார்க்கும். உடம்பை அசைக்காமல் கழுத்தை மட்டும் வளைத்தால் வில் நேர்கோடாகிவிடும், கண் வேறெங்கோ போய் நிற்கும். பாதி வழியில் கிழக்கு நோக்கித் திரும்பி நின்றுகொள்ளுங்கள்.

பிடித்தாயிற்றா? முதல் பெயரை இப்போதே எழுதிக்கொள்ளலாம். கிரேக்கத்தில் ஆர்க்டோஸ் என்றால் கரடி, ஊரோஸ் என்றால் காவலன். நமக்கு ஏழு முனிவர்களாக இருப்பவை அவர்களுக்குப் பெருங்கரடியின் உடலும் வாலும். கரடியின் வால் பிடித்து வந்தால் நிற்பவன் ஆர்க்டூரஸ், கரடிக் காவலன். நீங்கள் இப்போது கண்ணால் நடந்து வந்த பாதைதான் அந்தப் பெயர். உலக வானியல் ஒன்றியம் 2016-இல் அதிகாரபூர்வமாகப் பதிவு செய்ததும் இதைத்தான்.

4. நிறத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள்

‘செம்மஞ்சள்’ என்று கேட்டுவிட்டு வருபவர்கள் ஆரஞ்சுப் பழத்தை எதிர்பார்ப்பார்கள். வானத்தில் நிறங்கள் அப்படி இருக்காது. மண்ணெண்ணெய் விளக்கின் திரியை நன்றாக இறக்கிவிட்டால் சுடர் எந்த நிறம், அதுதான். பழைய நிகண்டுகள் சோதி என்ற இந்த நாள்மீனுக்கு விளக்கு என்றும் ஒரு பெயர் தருகின்றன. எந்த எண்ணத்தில் வைத்தார்களோ, எனக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் அந்தத் திரிதான் நினைவுக்கு வரும்.

நிறத்தைத் தனியாகப் பார்த்துச் சொல்ல முடியாது, ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். ஆறாம் படியில் வரப்போகும் சித்திரை மீனை ஒரு முறை பாருங்கள், உடனே திரும்பி இதைப் பாருங்கள். அது நீலம் கலந்த வெள்ளை, இது பொன்னிறம்.

பைனாகுலரில் பார்க்கும்போது கூர்மையாகக் குவிக்காமல் கொஞ்சம் கலைத்துவிடுங்கள். புள்ளி விரிந்து சிறு வட்டாகும், அப்போது நிறம் நன்றாகத் தெரியும். கூர்மையான புள்ளியில் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்து நிறத்தை மறைத்துவிடுகிறது.

நிறத்துக்குக் காரணம் வெப்பநிலை. சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 பாகை செல்சியஸ், இதன் மேற்பரப்பு சுமார் 4,000. எடையில் சூரியனைவிடச் சற்றே அதிகம், ஆனால் உட்கருவின் ஹைட்ரஜன் தீர்ந்து, சூரியனைப் போல் 25 மடங்கு அகலத்துக்கு ஊதிப்போயிருக்கிறது. வெப்பம் குறைந்தும் பளிச்சென்று தெரிவது அந்தப் பருமனால்தான். கூடவே பக்கத்து வீடும்கூட, ஏறத்தாழ 37 ஒளியாண்டு தூரம்.

தவறு செய்யும் இடம்: அடிவானத்தில் பார்த்து நிறத்தை முடிவு செய்வது. அங்கே காற்று தடிப்பாக இருப்பதால் சிவப்பு, பச்சை என்று மாறி மாறி மின்னும். ஒருவர் ஏப்ரல் மாத மாலையில் என்னைக் கூப்பிட்டு, “அண்ணா, கிழக்கே ஒண்ணு கலர் கலரா மின்னுது, டிரோனா?” என்று கேட்டார். ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்க்கச் சொன்னேன். மேலே ஏறியதும் மின்னுவது அடங்கிவிட்டது.

5. கோள் இல்லை, கேட்டையும் இல்லை என்று பாருங்கள்

குழப்பம் வரக்கூடியவை செவ்வாய், வியாழன், கேட்டை. கோள்கள் இரண்டையும் ஒரே விதியால் தள்ளிவிடலாம். கோள்களும் நிலாவும் சூரியனின் பாதையை ஒட்டியேதான் போகும். சுவாதியோ அந்தப் பாதையிலிருந்து 31 பாகை வடக்கே, மூன்று முஷ்டிக்கு மேல் விலகி இருக்கிறது. அத்தனை வடக்கே எந்தக் கோளும் வந்து நிற்காது.

கேட்டையும் சிவந்த மீன்தான். ஆனால் அது தெற்கே, தேளின் உடல் நடுவில், இரு பக்கமும் சிறு மீன்களோடு இருக்கும். சப்தரிஷியின் வாலிலிருந்து வந்தவருக்கு இந்தக் குழப்பமே வராது. நேராக வானத்தைப் பார்த்து ‘சிவப்பாக இருப்பது எது’ என்று தேடியவர்தான் அங்கே போய் மாட்டுவார்.

6. வளைவைச் சித்திரை வரை நீட்டி, ஜோடிப் பெயர்களைச் சரிபாருங்கள்

வந்த வளைவை நிறுத்தாமல் இன்னும் மூன்று முஷ்டி தெற்கே கொண்டுபோங்கள். தனியாக நிற்கும் நீலவெள்ளை மீன் சித்திரை, உலகப் பட்டியலில் ஸ்பைகா. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் அரபுப் பெயரும் சீனப் பெயரும் விளங்காது.

அரபியில் இரண்டும் சிமாக். சுவாதி அஸ்-சிமாக் அர்-ராமிஹ், அதாவது ஈட்டி ஏந்திய சிமாக். சித்திரை அஸ்-சிமாக் அல்-அஃஸல், ஆயுதமில்லாத சிமாக். எது ஈட்டி? சுவாதிக்குப் பக்கத்தில் உள்ள மங்கலான மீன்களை ஈட்டியாகக் கண்டார்கள். மேற்கே மூன்று விரல் தள்ளி ஒரு நடுத்தர மீன் இருக்கிறது, முஃப்ரித் என்று பெயர். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு சித்திரையைச் சுற்றிப் பாருங்கள், அக்கம்பக்கத்தில் குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை, வெறுங்கை. ஊரின் வெளிச்சம் முஃப்ரித்தையே விழுங்கிவிடும் அளவுக்கு இருந்தால், இந்தச் சோதனையை வெளியூர் போகும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

சீனத்தில் சுவாதி தா ஜியாவ், பெரிய கொம்பு. சித்திரை இருக்கும் நிலா மனைக்கு, அதாவது நிலாவின் வழியில் ஒரு பங்குக்கு, ஜியாவ், கொம்பு. கிழக்கு வானத்தின் நீல நாகத்துக்குக் கொம்புகள் இவை. தா ஜியாவின் இரு பக்கமும் மும்மூன்று சிறு மீன்களை ஷெதி என்ற பெயரில் தனியாக வைத்தார்கள். கரண்டியின் கைப்பிடி காட்டும் திசையில் அவை இருப்பதால் பருவம் குறிக்கப் பயன்பட்டன. சீனரும் நீங்கள் வந்த அதே வழியில்தான் வந்திருக்கிறார்கள்.

7. பாயில் படுத்து உச்சியிலிருந்து அளங்கள்

இந்தப் படிக்கு மீன் தன் உயரமான இடத்தில் இருக்க வேண்டும், 2-ஆம் படியின் நேரக் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். தலை தெற்கும் கால் வடக்குமாகப் படுங்கள். நேர் உச்சி எது என்பதில் எல்லோரும் ஏமாறுவார்கள். நின்றுகொண்டு அண்ணாந்தால் உச்சிக்கு முன்னாலேயே கழுத்து நின்றுவிடும். படுப்பது அதற்காகத்தான். இன்னொருவர் உங்கள் முகத்துக்கு மேலே சாவிக்கொத்து கட்டிய நூலைத் தொங்கவிட்டால், நூல் போகும் திசைதான் உச்சி.

சென்னையில் இந்த மீன் உச்சிக்கு 6 பாகை வடக்கே கடக்கும். மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் சுமார் 9 பாகை, கன்னியாகுமரியில் 11, கொழும்பில் 12. உங்கள் ஊரின் அட்சரேகையோடு இந்த இடைவெளியைக் கூட்டினால் எங்கிருந்து அளந்தாலும் 19 வரும். ஏனென்றால் மீன் வான நடுக்கோட்டிலிருந்து 19 பாகை வடக்கே இருக்கிறது. மும்பை 19 பாகையில் இருப்பதால் அங்கே கிட்டத்தட்ட நேர் உச்சியில் கடக்கும்.

ஹவாயின் பெரிய தீவும் அதே 19, 20 பாகையில்தான். அங்கே இதன் பெயர் ஹோகூலேயா, மகிழ்ச்சியின் மீன். தெற்கிலிருந்து படகில் வருபவருக்கு இது இரவுக்கு இரவு உச்சியை நெருங்கும். உச்சியிலேயே கடந்தால் தீவின் அட்சரேகைக்கு வந்துவிட்டோம், இனி காற்றின் போக்கில் பக்கவாட்டில் தேடினால் போதும். 1975-இல் நீரில் இறக்கிய இரட்டை உடல் பாய்மரப் படகுக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். 1976-இல் மைக்ரோனேசியாவின் சதவால் தீவுக்காரரான மாவ் பியாய்லுக் அதைக் கருவிகளின்றி ஹவாயிலிருந்து தாஹிட்டிக்கு வழிநடத்தினார்.

இந்த அளவை ஒரே இரவில் மூன்று தடவை எடுங்கள். முதல் தடவை 10 என்றும் அடுத்தது 5 என்றும் வருவது சகஜம்.

8. பருவப் பெயர்களுக்கு நாட்காட்டியைத் திறங்கள்

சில பெயர்களை ஒரே இரவில் சரிபார்க்க முடியாது. ஜப்பானில் இது முகிபோஷி, வாற்கோதுமை மீன். அங்கே அந்தக் கதிர் அறுக்கும் ஜூன் வாக்கில், இருட்டியதும் இது வானத்தில் உயரே நிற்கும். நம் ஊரிலும் ஜூனில் அப்படித்தான், அதனால் எளிதாகச் சரிபார்க்கலாம்.

ஆஸ்திரேலியாவின் வடமேற்கு விக்டோரியாவில் வாழ்ந்த பூராங் மக்களுக்கு இது மார்பியன்குர்க் என்ற பெண். மர எறும்புகளின் கூட்டுப்புழுக்களை உணவாகக் கண்டுபிடித்துக் கொடுத்தவள். மாலையில் அவள் வடக்கே நின்றால் புழுக்களின் காலம் வருகிறது, சூரியனோடு சேர்ந்து மறைந்தால் அந்தக் காலம் முடிந்தது. ‘வடக்கே’ என்பதைக் கவனியுங்கள். அங்கிருந்து பார்த்தால் இது உச்சிக்கு அருகே வராது, வடவானில் மூன்று, நான்கு முஷ்டி உயரத்தோடு சரி.

கிரேக்கக் கவிஞர் ஹெசியட் குளிர்காலச் சூரியத் திருப்பத்துக்கு 60 நாள் கழித்து இது அந்தியில் எழும் என்றார், அதையடுத்துத் தகைவிலான் குருவி வருவதற்கு முன்பே திராட்சைக் கொடிகளைக் கவாத்து செய்துவிடச் சொன்னார். இதைப் படித்துவிட்டுப் பிப்ரவரி 20 அன்று மாடியேறி, ஒன்றும் இல்லை என்று திரும்பியவர்கள் உண்டு. அது 2,700 ஆண்டு முந்தைய கிரேக்க வானம். பூமியின் அச்சு 26,000 ஆண்டுக்கு ஒரு சுற்றாக மெல்ல ஆடுவதால் தேதிகள் நகர்ந்துவிட்டன, அட்சரேகையும் வேறு. சென்னையில் இன்று இரவு 7 மணிக்கு இது எழுவது ஏப்ரல் முதல் வாரம் கழித்து, கிழக்கிலிருந்து இரண்டு முஷ்டி வடக்கே. பழைய நூலின் தேதியை எடுக்கும்போது ஊரையும் காலத்தையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.

9. கடைசியாக, சுவாதி

இதைக் கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம், நன்றாகத் தெரிந்த பெயர் என்பதாலேயே அதிகம் தடுமாற வைப்பதும் இதுதான். நாட்காட்டியில் ‘இன்று சுவாதி’ என்று பார்த்துவிட்டு நிலாவுக்குப் பக்கத்தில் தேடுவார்கள். ஒரு சிறுவன் நிலாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “மாமா, சுவாதி இன்னைக்கு லீவா?” என்று கேட்டான்.

நிலா சூரியப் பாதையிலிருந்து வடக்கே எவ்வளவு ஒதுங்கினாலும் சுவாதிக்கு 25 பாகைக்குக் கிட்டே வராது. நாட்காட்டி சொல்லும் சுவாதி வானத்தின் ஒரு துண்டு, 27 சம பங்குகளில் 15-ஆவது. மீன் அந்தத் துண்டுக்கு வைத்த பெயர்க்காரணம், அவ்வளவுதான். உண்மையில் சூரியப் பாதையில் அளந்தால் சுவாதி மீனும் சித்திரை மீனும் கிட்டத்தட்ட ஒரே நேரில் இருக்கின்றன. ஆகவே நாட்காட்டியின் சுவாதி நாளில் நிலா சித்திரை மீனையும் தாண்டிக் கிழக்கே போயிருக்கும். ஒரு சுவாதி நாளில் நீங்களே அளந்து பாருங்கள், சித்திரைக்கும் நிலாவுக்கும் இடையே ஒன்றிலிருந்து இரண்டு முஷ்டி இருக்கும்.

வேத நூல்களில் இதற்கு நிஷ்ட்யா என்று இன்னொரு பெயர் உண்டு. வெளியே இருப்பது, புறத்தார் என்று பொருள். நிலாவின் வழியிலிருந்து இத்தனை தள்ளி நிற்பதைப் பார்த்தவர் அந்தப் பெயரை விளங்கிக்கொள்ளச் சிரமப்பட மாட்டார். மலையாளத்தில் சோதி. தமிழிலும் சோதி. இதை ஜோதி என்று திருத்தி எழுதுபவர்களிடம் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இன்னொரு குழப்பம், ‘சுவாதி மழை’. சுவாதியில் விழும் துளி சிப்பிக்குள் முத்தாகும் என்ற பழைய நம்பிக்கையில் வரும் சுவாதி நிலாவின் நாள் அல்ல, சூரியன் அந்தத் துண்டில் இருக்கும் காலம். அது அக்டோபர் 24 முதல் நவம்பர் 6 வரை, நம் ஐப்பசி அடைமழை. அந்த இரண்டு வாரமும் மீன் சூரிய வெளிச்சத்திலும் அந்திச் சிவப்பிலும் கலந்துபோயிருக்கும், தேடிப் பயனில்லை.

நவம்பர் 15 வாக்கில் மழை விட்ட ஒரு விடியலில், 5.15 மணிக்குக் கிழக்கிலிருந்து இரண்டு முஷ்டி வடக்கே பாருங்கள். அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டி உயரத்தில், சிவப்பும் பச்சையுமாக மின்னிக்கொண்டு மறுபடி வந்திருக்கும்.